சேம அச்சும் எங்கள் வீட்டுக் காரும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு பழைய மோட்டார் கார். இலக்கியத் தொடரில் இதற்கு என்ன வேலை என்று உங்களிற் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். 'கார்' என்ற சொல்லைக் கேட்டதும் முல்லைத்திணையையும் கார்காலத்தையும் நினைத்துக்கொள்ளும் தமிழாசிரியர் குலத்தைச் சேர்ந்தவன்தான் நானும். ஆயினும், முதற்பாடத்துக்கு மணி அடிக்கும் வேளையில், பாடசாலைக்கு இரண்டு மைல் தொலைவில், எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கறுத்த கைகளோடு தெருவில் நிற்பவனுக்கு, அந்தச் சொல்லின் மற்றப் பொருளும் இலக்கியப் பொருளாகிவிடுகிறது.

முல்லைத்திணையில் தேர் வருகிறது. வினை முடித்து மீளும் தலைவன், கார்ப்பருவம் தொடங்கிவிட்டதே, தலைவி காத்திருப்பாளே என்ற தவிப்போடு, தேரை விரைந்து செலுத்துமாறு பாகனை வேண்டுகிறான். குதிரைகள் பாய்கின்றன. சில்லுகள் ஈர மண்ணைக் கீறிச் செல்கின்றன. தலைவன் பேசுகிறான், பாகன் பெரும்பாலும் பேசுவதில்லை. தேர் வீடு போய்ச் சேர்ந்துவிடும் என்பதில் அங்கு எவருக்கும் ஐயமில்லை. எங்கள் வீட்டிலோ கார் நின்றுபோகும் காலமும் பெரும்பாலும் கார்காலந்தான். ஐப்பசி மழை தொடங்கியதும் எஞ்சினுக்குள் ஈரம் இறங்கும்; பிளக்கிலே பொறி பறக்காது. அப்போது நமது தலைவன் குடைபிடித்துக்கொண்டு நடந்துதான் வீட்டுக்கு வரவேண்டும்.

ஆனால் சங்கப் புலவர்கள் எல்லோருமே வாகனத்தின் பழுதை அறியாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஔவையார் அறிந்திருந்தார். புறநானூற்றின் 102ஆம் பாடலை நினைத்துப் பாருங்கள். உப்பு வணிகராகிய உமணரின் வண்டி. எருதுகளோ நுகம் பழகாத இளம் எருதுகள். பாரமோ பெரிது. வழியிலே பள்ளமும் வரும், மேடும் வரும். என்ன நேருமென்று யார் அறிவார்? ஆகவே அந்த உமணர், இருக்கின்ற அச்சு முறிந்தால் மாற்றிப் போடுவதற்கென்று இன்னோர் அச்சினை வண்டியின் கீழ்மரத்திலே கட்டிக்கொண்டு போகிறார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். அதியமானின் மகன் பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்கு ஔவையார் ஒப்பிடுகிறார். அதே நூலின் 87ஆம் பாடலில், ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன், ஒரு மாதம் முயன்று செய்த ஒற்றைச் சில்லு உவமையாக வருகிறது. அரசரையும் வீரரையும் பாட வந்தவர், அச்சையும் சில்லையும் அவற்றைச் செய்யும் கையையும் கூர்ந்து பார்த்திருக்கிறார்.

இந்தச் சேம அச்சு என்னும் கருத்தை மனதில் வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுக் காரின் கதையைக் கேளுங்கள்.

அது 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலே செய்யப்பட்டது. செய்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. 70 வருடங்களுக்கு மேல் உழைத்த ஒன்றைப் பற்றி அதைச் செய்தவர்களிடம் முறையிடுவது தர்மமாகாது. அப்பப்பா அதை இரண்டாங்கையாக வாங்கினார். அதன் இலக்கத் தகட்டில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். 1957இல் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இலக்கத் தகடுகளில் வந்து, அதை எதிர்த்துத் தமிழர் போராட்டம் எழுந்ததற்கு முன்னரே பதிவான கார் அது. அப்பப்பாவிடமிருந்து அப்பாவுக்கு வந்தது. அப்பா தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்று 80 வயதைத் தாண்டிவிட்டார். இப்போது சாரதி ஆசனம் என்னுடையது. சாவியை மட்டும் அப்பாதான் தமது தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறார்.

யாழ்ப்பாணத்திலே இத்தகைய கார்கள் இவ்வளவு காலம் பிழைத்திருந்ததற்குப் பழமைமீது கொண்ட பாசந்தான் காரணம் என்று வெளியூரவர் எழுதுவதுண்டு. பாசம் பின்னர் வந்தது. முதலில் வந்தது இல்லாமை. 1970இலிருந்து 1977வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. புதிய கார் என்பது கனவு. இருப்பதைத் திருத்தி ஓட்டுவதே வழி. 1977க்குப் பின்னர் கதவு திறந்தது. தெற்கிலே யப்பானியக் கார்கள் பெருகின. நமக்கோ சில வருடங்களில் யுத்தம் வந்துவிட்டது. 1990 ஆனி மாதத்தில் மீண்டும் போர் மூண்டபின், பெற்றோல் உட்படப் பல பொருட்கள் வடக்குக்கு வருவது தடைப்பட்டது. குடாநாட்டில் மின்சாரமும் நின்றது. அப்போதுதான், கிழடு என்று ஒதுக்கப்பட்டிருந்த ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் கொட்டில்களிலிருந்து வெளியே வந்தன.

அதற்கு ஒரு பொறியியற் காரணம் உண்டு. பெற்றோலைப் போல மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. குளிர்ந்த எஞ்சினில் அதை ஊற்றினால் பற்றாது. பற்றினாலும், அதிக அழுத்தத்தில் இயங்கும் புதிய எஞ்சின்கள் அதைப் பொறுக்கமாட்டா. சம்மட்டியால் அடிப்பதுபோல உள்ளே சத்தமிடும். பழைய ஆங்கிலக் கார்களின் எஞ்சின்கள் குறைந்த அழுத்தத்தில் இயங்குபவை. அவை முணுமுணுத்துக்கொண்டாவது மண்ணெண்ணெயை ஏற்றுக்கொண்டன. ஆக, எது பழையதோ அதுவே பயன்பட்டது. முதுமைக்கு இப்படியொரு மரியாதை கிடைத்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்த நாட்களில் நான் சிறுவன். கார் புறப்படுவதென்பது ஒரு கிரியை. எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு சிறு போத்தல் தொங்கும். அதிலே சில மிடறு பெற்றோல். பொன்னைப்போல விலை கொடுத்து வாங்கியது. போத்தலிலிருந்து மெல்லிய குழாய் வழியாக அந்தப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விடவேண்டும். பிறகு முன்புறத் துவாரத்தில் இரும்பு ஹான்டிலைச் செருகி ஓங்கிச் சுழற்றவேண்டும். அப்போது பெருவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாகச் சேர்த்துப் பிடிக்கவேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால், தனித்து நிற்கும் பெருவிரல் முறியும். அப்பா எனக்கு எழுத்துச் சொல்லித் தந்த அதே பொறுமையோடு இதையும் சொல்லித் தந்தார். எஞ்சின் ஓடிச் சூடேறியபின் பெற்றோலை மூடி, மண்ணெண்ணெயைத் திறக்கவேண்டும். வெண்புகை எழும். நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடியும் பெற்றோலுக்கு மாற்றவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த நாள் காபரேற்றருக்குள் மண்ணெண்ணெய் மட்டுமே நிற்கும், கார் அசையாது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங்குகளைக் கடந்து ஓயிலோடு கலந்து, அதைத் தண்ணீராக்கிவிடும். ஆகவே ஓயிலை அடிக்கடி மாற்றவேண்டும். ஓயிலும் கிடையாது. இப்படி ஒன்றைக் காப்பாற்ற ஒன்று, அதைக் காப்பாற்ற இன்னொன்று.

1995 ஐப்பசி 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது எனக்கு 15 வயது. அந்த இரவைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள்; அதைவிட நான் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. காரைப் பற்றிய ஒன்றை மட்டும் சொல்கிறேன். அப்பாச்சியும், அம்மாவும், அரிசி மூட்டையும், அப்பாவின் பழைய கோவைகளும் உள்ளே இருந்தன. அக்காவும் நானும் நடந்தோம். நாவற்குழிப் பக்கமாகத் தெரு முழுவதும் மனிதர். கார் ஓடும் வேகத்தில்தான் றேடியேற்றருக்குக் காற்றுக் கிடைக்கும். நடக்கும் வேகத்தைவிடக் குறைந்த வேகத்தில் ஊர்ந்தால் எஞ்சின் கொதிக்கும். கொதித்தது. அப்பா எஞ்சினை நிறுத்திவிட்டு, "இனித் தள்ளுவம்" என்றார். அவர் வெளியில் நின்றபடி ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு தள்ள, நானும் அக்காவும் பின்னால் தள்ளினோம். முன்பின் அறியாத இருவர் வந்து தோள் கொடுத்தார்கள். மழை பெய்தது. அந்த மழை றேடியேற்றரைக் குளிர்வித்தது என்று அப்பா பிற்காலத்தில் சொல்லிச் சிரிப்பார். அம்மா சிரிப்பதில்லை.

இத்தனையும் கேட்டபின், இப்படிப்பட்ட காரை எப்படி விற்பது என்று உங்களுக்குத் தோன்றலாம். அங்கேதான் சிக்கல். ஒரு பொருள் நம்மை ஒரு பெரும் துன்பத்தில் சுமந்தது என்பதற்காக, அதன்பின் ஒவ்வொரு சிறு துன்பத்திலும் அதை நாம் சுமக்கவேண்டுமா? இது காரைப் பற்றிய கேள்வி மட்டுமன்று என்பதை நேயர்கள் உணர்வீர்கள்.

சிறு துன்பங்களைச் சொல்கிறேன். அந்தக் காரின் சுரைகள் எல்லாம் அங்குல அளவிலானவை. இன்று கடையிலே வாங்கும் ஸ்பனர்கள் மில்லிமீற்றர் அளவிலானவை. ஒன்று சற்றுப் பெரிது. அடுத்தது சற்றுச் சிறிது. பெரியதைப் போட்டு முறுக்கினால் சுரையின் மூலைகள் தேய்ந்து வட்டமாகிவிடும். பிறகு உளி வைத்து அடித்துத்தான் கழற்றவேண்டும். பிறேக்குக்குள் இருக்கும் ஒரு சிறு இறப்பர்க் கிண்ணம் பழுதானால், அதே அளவுக் கிண்ணத்துக்காகக் கொழும்பில் உள்ள உறவினர் ஒருவர் கடைகடையாக ஏறவேண்டும். கிடைத்தால் பஸ்ஸில் வரும். வந்தபின் பார்த்தால் நூலளவு வித்தியாசம் இருக்கும். நம் ஊர் உப்புக்காற்றோ எந்த இரும்பையும் விட்டுவைப்பதில்லை. கதவின் அடிப்பகுதியை ஒட்டிமுடித்தால் மற்றக் கதவு பல்லிளிக்கும்.

சித்திரை வெயிலில் இன்னொரு வருத்தம். சூட்டினால் குழாய்க்குள்ளேயே பெற்றோல் ஆவியாகிக் குமிழியிட்டு, பம்பி இழுக்க மறுக்கும். அதற்கு மருந்து ஈரத்துணி. பம்பிமேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு, காய்ச்சற்காரன் தலைமாட்டில் இருப்பதுபோலத் தெருவோரத்தில் காத்திருக்கவேண்டும். தாங்கியில் ஒழுக்கு ஏற்பட்டால் சவர்க்காரக் கட்டியை நன்றாகத் தேய்த்து அடைக்கலாம். சவர்க்காரம் தண்ணீரிலே கரையும், பெற்றோலிலே கரையாது. இந்த வைத்தியங்களெல்லாம் நல்லவைதான். ஆனால் திருமண வீட்டுக்குப் பட்டுவேட்டியோடு புறப்பட்டவனுக்கு இவை ஆறுதல் தருவதில்லை.

நின்ற காரைச் சுற்றிக் கூடும் அன்பர்களையும் சொல்லவேண்டும். ஒருவர் "பெற்றோல் இருக்கோ?" என்பார். இருக்கிறது என்றால் முகம் வாடும். இன்னொருவர் "பற்றறி போட்டுது" என்று தீர்ப்பளிப்பார். மூன்றாமவர் சைக்கிளை விட்டு இறங்காமலே, "மாஸ்ரர், உதை வித்துப்போட்டு ஒரு மோட்டார்சைக்கிள் எடுங்கோ" என்பார். என்னிடம் படித்த மாணவன் ஒருவன் வந்து, "சேர், தள்ளட்டே?" என்று கேட்கும்போதுதான் உண்மையான சங்கடம். அடுத்த நாள் அவன் முன்னிலையில் நின்று தலைவனின் தேர் விரைந்து சென்ற அழகை நான் விளக்கவேண்டும்.

அப்படியானால் ஏன் புதிய காரை வாங்கவில்லை என்று கேட்கலாம். 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக் கார்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025இல். இடைப்பட்ட காலத்தில் நாட்டுக்குள் இருந்த பழைய கார்களின் விலைகூட ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. திறந்தபின்னும் வரியும் விலையும் இறங்கி வரவில்லை. 2022இல் எரிபொருள் நெருக்கடி வந்தபோது, ஊரவர் சிலர் அப்பாவிடம், "ஐயா, உங்கட கார் மண்ணெண்ணெயிலும் ஓடுமே, உங்களுக்கென்ன கவலை" என்றார்கள். மண்ணெண்ணெய்க்கும் வரிசைதான் இருந்தது. அந்த வருடம் ஆவணியில் அதன் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்ந்தது. கியூஆர் முறை வந்தபோது, தொடக்கத்தில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். பதிவு செய்யச் சட்டக இலக்கம் வேண்டும். எங்கள் காரின் சட்டக இலக்கமோ மூன்று தலைமுறைப் பூச்சுக்குள் புதைந்திருந்தது. கல்வெட்டு வாசிப்பதுபோல, பூச்சைப் படைபடையாகச் சுரண்டி, என் மகள்தான் அந்த எழுத்துகளைக் கண்டுபிடித்தாள்.

இனி, வீட்டிலே காரைப் பற்றிய வழக்கு முற்றிய நாளுக்கு வருகிறேன். 2023 மார்கழியில், அடைமழை பெய்த ஓர் இரவு, அப்பாவுக்கு நெஞ்சு நோவு கண்டது. காரை எடுக்க ஓடினேன். சாவியைத் திருப்பினால் சத்தம் மட்டும் வந்தது. மூடியைத் திறந்து, ஈரம் துடைத்து, பொயின்றைத் துடைத்து, ஹான்டிலையும் போட்டுச் சுழற்றினேன். அசையவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி தன்னுடைய ஓட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். அப்பாவை அதிலே ஏற்றினோம். நெஞ்சைக் கையால் அழுத்திப் பிடித்தபடி அவர் என்னைப் பார்த்துக் கேட்டது இதுதான்: "தம்பி, பொயின்றைத் துடைச்சுப் பாத்தனியோ?"

கடவுள் கிருபையால் அப்பா பிழைத்து வீடு வந்தார். அடுத்த நாளே கனடாவிலிருந்து அக்கா தொலைபேசியில் அழுதாள். "அப்பாவின்ர உயிரைவிட அந்தத் தகரம் பெரிசோ? வித்துத் தொலையுங்கோ. நான் காசு அனுப்புறன்." என் மனைவி எதுவும் சொல்லவில்லை, சொல்லாததே சொல்லாக இருந்தது. கொழும்பில் பழைய கார்களைச் சேர்ப்பவர் ஒருவர் தரகர் மூலம் நல்ல விலையும் பேசியிருந்தார். அப்பாவிடம் மெல்லச் சொன்னேன். அவர் நெடுநேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வில்லுறதெண்டால் வில். ஆனால் அண்டைக்கு அது என்னைக் கைவிட்டதெண்டு சொல்லி வில்லாதை. அதுக்கு ஏலாமப் போச்சுது. எனக்கும்தானே ஏலாமப் போச்சுது" என்றார்.

அன்று இரவு நான் புறநானூற்றை எடுத்து அந்தப் பாடலை மறுபடியும் படித்தேன். பலமுறை கற்பித்த பாடல்தான். அன்று அதிலே வேறொன்று தெரிந்தது. உமணர் தங்கள் அச்சை நம்பவில்லை. நம்பியிருந்தால் இன்னோர் அச்சைச் சுமந்திருக்கமாட்டார்கள். ஆனால் வண்டியை அவர்கள் வெறுக்கவுமில்லை. முறியக்கூடியது என்று அறிந்தே அதிலே உப்பேற்றினார்கள். நம்புவது வேறு, பேணுவது வேறு. முறியாது என்ற நம்பிக்கையால் வண்டி ஊர்போய்ச் சேரவில்லை. முறியும் என்ற அறிவினால் போய்ச் சேர்ந்தது.

இதைத்தான் அக்காவிடமும் சொன்னேன். உயிர்போகும் அவசரத்துக்கு அந்தக் காரை இனி எவரும் எடுப்பதில்லை. பக்கத்து வீட்டுத் தம்பியின் இலக்கமும், அம்புலன்ஸ் சேவையின் 1990 என்ற இலக்கமும் அப்பாவின் கட்டிலுக்கு மேலே பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டிருக்கின்றன. அதுதான் எங்கள் சேம அச்சு. காரோ, பகலில், மழையில்லாத நாளில், அப்பாவை வைரவர் கோவிலடிவரை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரும். அக்கா முழுமனதோடு சம்மதித்தாள் என்று சொல்லமாட்டேன். விற்பனைக் கதை அத்தோடு நின்றிருக்கிறது, முடியவில்லை.

ஆனால் நேயர்களே, ஒரு வண்டிக்கு வேண்டிய சேம அச்சு இரும்பினால் மட்டும் ஆனதன்று. ஒரு பழைய வாகனம் ஓடுவதற்கு மூன்று வேண்டும்: பாகம், கை, சொல். பாகம் இல்லாவிட்டால் கடைந்து எடுக்கலாம். கடைசல் இயந்திரம் வைத்திருப்பவரிடம் மாதிரியைக் கொடுத்தால், இரண்டு நாளில் அதைப்போல ஒன்றைச் செய்து தருவார். கை அப்படியன்று. எங்கள் சந்திக் கராச்சில் ஒரு மெக்கானிக் அண்ணை இருக்கிறார். 70 வயது. 14 வயதில் கராச்சுக்கு வந்தவர். எஞ்சின் ஓடும்போது நீண்ட ஸ்குறூட்றைவரின் நுனியை அதன்மேல் ஊன்றி, பிடியைக் காதிலே வைத்துக் கேட்பார். எந்த வால்வு சத்தமிடுகிறது என்று சொல்வார். பொயின்ற் இடைவெளியைத் தபாலட்டைத் துண்டொன்றால் அளந்து வைப்பார். அவருடைய பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். இப்போது வருகிற இளைஞர்களுக்குக் கணினியைச் செருகிப் பழுது பார்க்கும் கார்கள்தான் தெரியும். அவர்களிலும் குறையில்லை, அதுதான் அவர்களுக்குச் சோறு போடும். அண்ணையின் கண்ணிலோ புரை விழுந்துவிட்டது. "மாஸ்ரர், காது இருக்குமட்டும் பாப்பம்" என்கிறார்.

மூன்றாவது சொல். அண்ணை சொல்லும் எதுவும் எந்தத் தமிழ்ப் புத்தகத்திலும் இருப்பதாக நான் காணவில்லை. இங்கேதான் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயிலே டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழிலே ஆக்குவித்த மண் இது. எலும்புக்கும் நரம்புக்கும் தமிழில் நூல் செய்ய முடிந்த இடத்தில், மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஒரு தலைமுறையின் கைவினை எழுதப்படாமலே போகிறது. இடப்பெயர்வைப் பாடினோம். தடைக்காலத்தைக் கதையாக்கினோம். அந்தப் போத்தலும் குழாயும் எப்படி இணைக்கப்பட்டன, எந்தக் கணத்தில் பெற்றோலை மூடினார்கள், ஓயில் இல்லாதபோது என்ன செய்தார்கள் என்பதை யார் குறித்து வைத்தோம்? தலைவனின் தவிப்பை எழுதுகிறோம். பாகனிடம் எதுவும் கேட்பதில்லை.

என் மகள் உயர்தரத்தில் தொழினுட்பம் படிக்கிறாள். சனிக்கிழமைகளில் அவளும் நானும் அண்ணையிடம் போகிறோம். அவர் காரைத் திருத்துவார். அவள் ஒரு சி.ஆர். கொப்பியிலே படம் கீறிக் குறிப்பெழுதுவாள். நான் சொற்களை எழுதுவேன். அண்ணை "கட்டை சோந்து போச்சு" என்றால் என்ன பொருள், "மூச்சு விடுது" என்றால் எந்த இடம், "பொய்ச் சூடு" என்றால் எது என்று கேட்டுக் கேட்டு எழுதுகிறோம். மூச்சு, சூடு, சோர்வு, இருமல் என்று எல்லாம் மனித உடம்பின் சொற்கள். எஞ்சினுக்கென்று தனியான மொழியொன்றை அவர் தேடிப் போகவில்லை. தாம் பிறந்து பேசிய மொழியிலேயே அதனோடு பேசியிருக்கிறார். இதுவரை 60 பக்கம் ஆகிவிட்டது. ஒருநாள் அவள், "அப்பா, கார் ஓடாமப் போனாலும் இந்தக் கொப்பி இருக்கும்தானே" என்றாள். அண்ணை நிமிர்ந்து பார்த்து, "பிள்ளை, கொப்பி தள்ளாது. கையையும் கொண்டா" என்று ஸ்பனரை நீட்டினார். அவருடைய பேச்சில் நியாயம் இருக்கிறது. எழுத்து மட்டும் போதாது. எழுத்து இல்லாமலும் போதாது.

உங்கள் வீடுகளிலும் ஏதோவொன்று இப்படி இருக்கக்கூடும். காராக இல்லாவிட்டால் தையல் இயந்திரம், நீரிறைக்கும் இயந்திரம், அப்பாவின் றலி சைக்கிள். அதை வைத்திருப்பதா விடுவதா என்பது உங்கள் வீட்டு வழக்கு. பொருள்களுக்கும் ஆயுள் உண்டு, விட்டுவிடுவதிலே பாவமில்லை. ஆனால் விடுவதற்கு முன், அதைத் திருத்தத் தெரிந்தவர் உங்கள் ஊரிலே இன்னும் இருந்தால், ஒரு கொப்பியோடு அவரிடம் போங்கள். அவர் சொல்லும் சொல்லை அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.